விலா எலும்பு தெரிந்த நாய்கள்

ஜீப்பின் பின்கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு கால். நாயின் கால் என்று நம்ப முடியாத நீளம். பிறகு கூர்மூஞ்சி, ஒட்டிய வயிறு, வரிவரியாக விலா எலும்பு. அப்படியே நான்கு நாய்கள் மரக்காணத்து வெயிலில் இறங்கி நின்றன. உப்பு சுமக்கிற பெண்கள் நாங்கள் கூடையை இறக்கிவைத்து வேடிக்கை பார்த்தோம். உப்பள முதலாளியின் மனைவி, நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவர், தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் மடியில் வாங்கிக்கொண்டார். பிள்ளை இல்லாதவர். மெட்ராஸில் அவருடைய அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது கேட்டு வாங்கிவந்தவை. கிரேஹவுண்ட் என்றார். எங்கள் வாயில் அது நுழையவில்லை; ஓட்டநாய் என்றே சொன்னோம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பது வயது இருக்கும். உப்பு சுமப்பதில் என் நடைக்கு ஈடாக அந்த அளத்தில் ஆள் கிடையாது. இன்றும் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். நாய்களை நடத்திப்போன காவல்காரரை அவை வரப்பிலிருந்து உப்புப் பாத்திக்குள் இழுத்துத் தள்ளிவிட்டன. அவர் அன்றோடு கும்பிடு போட்டுவிட, அம்மா எனக்குச் சொல்லியனுப்பினார். முதல் நாள் எனக்கும் அதே கதிதான். கொக்கு ஒன்று எழும்பினால் போதும், நான்கும் ஒரே பக்கம் பாயும். மறுநாள் தலையில் உப்புக் கூடையை ஏற்றிக்கொண்டு, நான்கு கழுத்து வாரையும் இடுப்பில் கட்டிக்கொண்டேன். சுமை ஏறினால் என் கால் தானாக ஒரே தாளத்தில் விழும், உடம்பு அசையாது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அவையும் அந்தத் தாளத்துக்கு வந்துவிட்டன. போகப்போகக் கூடை தேவைப்படவில்லை. நில்லு என்றால் நிற்கும். நாரை பறந்தாலும் என் முகத்தைப் பார்க்கும். காலையில் நாய், பகலெல்லாம் உப்பு, சாயங்காலம் மறுபடியும் நாய். படுத்தால் உடம்பு மட்டும்தான் படுக்கும். கால் நடந்துகொண்டே இருக்கும்.

வம்பு அந்த விலா எலும்பால் வந்தது. கூலியை உயர்த்தச் சொல்லி முதலாளி வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் கையை விரித்துவிட்டார். என் நாத்தனாருக்கு வாய் நீளம். படுத்திருந்த நாய்களைக் காட்டி, "ஊட்டு நாய்க்கே சோறு போடாதவரு, நமக்கா குடுக்கப் போறாரு? வாங்கடி போலாம்" என்றாள். அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பு முதலாளிக்குத் தைத்துவிட்டது. கூலி ஏறவில்லை, நாய்களுக்குக் கறியும் நெய்யும் ஏறின. எலும்பு தெரிகிற நாய் என் வாசலில் நிற்கக் கூடாது, தெரிந்தால் வண்டியேற்றி எங்காவது அனுப்பிவிடுவேன் என்றார். இந்த வகை நாய் ஒல்லியாகத்தான் இருக்கும் என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அளத்துப் பெண்களுக்கு அது தெரியுமா என்று கேட்டார் முதலாளி. நாய்கள் போய்விடுமே என்ற பயத்தில் அம்மாவே பிசைந்து ஊட்டினார். மழைக்காலம் முடிவதற்குள் நான்கும் கன்றுக்குட்டி போல ஆகிவிட்டன. பாதி வரப்பிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும். மூத்த பெட்டை ராணிக்கு முன்கால் வீங்கிப்போனது.

ஒரு நாள் ராணி எழ முடியாமல் படுத்த இடத்திலேயே நனைத்துக்கொண்டது. அம்மா தன் கையால் துடைத்தார். துடைத்துவிட்டு, "இதுங்கள இளைக்க வெச்சிடு" என்றார்.

"இளைச்சா அனுப்பிடுவாருங்கம்மா."

"தெரியுது. நீ நடத்து."

அன்றிலிருந்து அவரும் கூட வந்தார். நெய்ச்சோறு நாய் வாய்வைக்கும் முன்பே என் தூக்குவாளிக்கு வந்துவிடும். நாத்தனார் முதலில் முகம் சுளித்தாள்; ஒரு வாய் தின்றதும், முதலாளி கூலியைக் கறியாகக் கொடுத்துவிட்டார் என்றாள். ராணியைக் கொஞ்ச தூரம் நடத்தி நிழலில் விட்டு, மற்ற மூன்றையும் கழுவெளிச் சதுப்புப் பக்கம்வரை கூட்டிப்போவோம். அதிகம் பேச மாட்டோம். உப்புக் காற்றில் அம்மாவின் உதடு வெடித்தது, பாதம் எங்கள் பாதம் மாதிரி ஆனது. எங்கள் இருவருக்கும் அலுப்பு ஏற ஏற, நாய்களுக்கு அலுப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ராணியும் முழுத்தூரம் வந்தது.

மாசியில் முதல் உப்பு வாரும்போது நான்குக்கும் எலும்பு தெரிந்துவிட்டது. முதலாளி பார்த்தார். சத்தம் போடவில்லை. நாளைக்கு ஜீப் வரும், ஏற்றியனுப்பு என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். ஆளில்லாத மணல். அம்மாவே வார்களை அவிழ்த்தார். கொஞ்சநேரம் நான்கும் நம்பாமல் நின்றன. பிறகு ராணிதான் முதலில் பாய்ந்தது. கால் மணலில் பட்டதா என்றே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியாகிவிட்டன. என் குரலுக்கு எங்கிருந்தாலும் திரும்பும். கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கூப்பிடாத. அதுங்களா வரட்டும்."

அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது அந்தக் கரையில் பாதிக்கு வேலி. மிச்ச மணலில் நான் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அன்று அவை திரும்பிவர வெகுநேரம் ஆனது. நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். வேலை நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தது என் ஆயுசில் அந்த ஒரு பொழுதுதான்.