நாற்பத்து மூன்று முட்டைகள்

பதினொரு வருடமாக மாதத்துக்கு ஒரு நாள் எங்கள் ஊர்ப் பொதுக்கொட்டகையின் உத்தரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிடுகிறேன். அதன் கொக்கியில் துணித்தூளியை மாட்டி, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைப்பேன். கத்தும், உதைக்கும், சில நேரம் என் மேலேயே நனைத்துவிடும். முள் எங்கே நிற்கிறதோ அதைத் தாய்மாரின் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் புள்ளியாக வைப்பேன். இதற்குப் பெயர் தொண்டு. தோள்பட்டை போனதுதான் மிச்சம்.

புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. புள்ளி அதற்குக் கீழே போனால் எனக்கு வேலை கூடும். லா ஹசிருவின் மகள் ரஸ்னி பிறந்த ஐந்தாம் மாதத்திலிருந்தே அந்தக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தாள். இருபதாம் மாதத்தில் ஏழு கிலோ இருநூறு, கோட்டுக்குக் கீழே. நடக்கவில்லை, பேசவில்லை. தூளியில் வைத்தால் அழக்கூட மாட்டாள். அழாத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

எங்கள் தீவில் ஆண் பெயருக்கு முன்னால் லா, பெண் பெயருக்கு முன்னால் வா என்று சேர்ப்போம். லா ஹசிரு தூண்டில்காரன். முப்பத்தைந்து வயது, குட்டை ஆள், தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிப்பதில்லை, மனைவியை அடித்ததில்லை. விடிந்ததும் படகைத் தயார்செய்து கடலுக்குப் போவான், மத்தியானம் வருவான், சாப்பிடுவான், தூங்குவான், சாயங்காலம் படகைப் பார்ப்பான். பிள்ளைகள் மூன்று பேரும் அவன் மனைவி வா ரிமாவின் பொறுப்பு. எங்கள் ஊரில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

தகப்பன் செய்யவேண்டியது என்று எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை அவன்தான் உப்புப் போட்டுக் கழுவி, பானையில் வைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். அது பிள்ளையின் கூடப்பிறப்பு. போகிற வழியில் இடமோ வலமோ பார்த்துவிட்டால் பிள்ளைக்கு மாறுகண் வந்துவிடும். ரஸ்னி பிறந்த அன்று ஹசிரு பானையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு நாய் பாய்ந்தது. அவன் திரும்பவில்லை. அவ்வளவு பயபக்தியாகப் போனான்.

சுகாதார நிலைய நர்சம்மா இந்த வருடம் புதிதாக ஒன்று சொன்னார். தகப்பன்மாருக்கும் கூட்டம் போடவேண்டுமாம். பத்தொன்பது பேருக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் போனுக்குச் சார்ஜ் போட வந்தவன். நர்சம்மா பாதியில் படங்களைச் சுருட்டி வைத்துவிட்டார்.

"விடுங்க நர்சம்மா, நான் பொம்பளைங்ககிட்டயே சொல்லிக்கிறேன்" என்றேன். அதுதான் என் பழக்கம்.

ரஸ்னிக்குச் சுகாதார நிலையத்திலிருந்து தொண்ணூறு நாளைக்குத் தினம் ஒரு முட்டை என்று எழுதிக் கொடுத்தார்கள். தொண்ணூறு நாளில் எடை ஏறாவிட்டால் தோணி ஏற்றிப் பாவ்பாவ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். ரிமா அங்கே போய்க் கிடந்தால் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு யார்? அது மட்டுமில்லை. இரண்டு வயதுக்குள் உடம்பிலும் மூளையிலும் வளராமல் விட்டது பிறகு முழுசாகத் திரும்பாது என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ரஸ்னிக்கு இரண்டு வயதாக நான்கு மாதம்தான் இருந்தது.

தினமும் காலையில் முட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெயிலோ மழையோ, கணுக்கால் சேறோ, நான் தவறவில்லை. ரிமா வாங்கிக்கொள்வாள், தலையாட்டுவாள். மாதம் திரும்பியது. ஏழு கிலோ இருநூறு. முள்ளைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அத்தனை பெண்கள் முன்னாலும் ரிமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"முட்டைய அவ வாயில போடுறியா, இல்ல காதுல போடுறியாடி?"

எல்லாரும் சிரித்தார்கள். ரிமா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் என்னைவிடக் களைத்திருந்தாள் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை முட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று மத்தியானம் ரஸ்னியின் எடைப் புத்தகத்தை வாங்க மறுபடி போனேன். ஏணிப்படியில் ஏறி எட்டிப் பார்த்தால், ஹசிரு சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஓலை மூடியை எடுத்தான். உள்ளே மரவள்ளிக் கிழங்கைத் துருவி அவித்த கசுவாமி, மிளகாய்த் துவையல், நடுவில் இரண்டாகப் பிளந்த அவித்த முட்டை. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் ரஸ்னி உட்கார்ந்து, சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய கசுவாமித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவள் கண் முட்டையின் மேல் இருந்தது. அவன் இரண்டே வாயில் அதை முடித்தான். பிள்ளை பார்ப்பதை அவன் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்போடு நின்ற ரிமா என்னைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எத்தனை நாளாடி இது?"

"மொதல் நாள்லருந்துக்கா."

"அறிவிருக்கா ஒனக்கு?"

"கடலுக்குப் போற ஆளுக்கா அவரு. வெறும் கசுவாமியத் தின்னுட்டுப் போயி அங்க மயங்கி விழுந்தா எங்க நாலு பேருக்கும் யாரு இருக்கா? வீட்டுக்குள்ள நல்லது ஒண்ணு வந்தா அது மூடிக்குக் கீழதான் போகும். எங்கம்மா அப்படித்தான் வச்சாங்க." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "ஒங்க வீட்ல மொதல்ல யாருக்குக்கா எடுத்து வைக்கிறீங்க?"

அன்று காலைதான் மீன் தலையையும் வயிற்றுத் துண்டையும் என் வீட்டுக்காரருக்கு மூடி வைத்துவிட்டு வந்திருந்தேன். என் கடைக்குட்டி வாலைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். புத்தகத்தைக்கூட வாங்காமல் படியிறங்கினேன். 

மறுநாள் கடல் கொந்தளிப்பு. ஹசிரு கரையில் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நேராக அவனிடம் போனேன்.

"ஹசிரு, நேத்து முட்டை எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஏன்க்கா?"

"எங்கருந்து வந்துச்சு அது?"

"கோழி போட்டது."

"யாரு வீட்டுக் கோழி?"

"எங்க வீட்டுக் கோழிதான்" என்றவன் சுரண்டுவதை நிறுத்தினான். யோசித்தான். "கறுப்புக் கோழி ஒண்ணு..."

"அது போன பெருநாளைக்கே கொழம்புல போயிருச்சு. நீதான் அறுத்த. தினம் ஒரு முட்டைய நான் தூக்கிட்டு வந்தேன்டா. ஒன் மக எடை ஏறணும்னு அவ பேர்ல வந்தது. நாப்பத்து மூணு நாளா."

அவன் கையிலிருந்த தகடு மணலில் விழுந்தது. 

"நாப்பத்து மூணுமா?"

"ஒண்ணு ரெண்டு ஒடஞ்சிருக்கும். மிச்சம் ஒன் வயித்துலதான்."

"அவ ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா? அந்தப் பிள்ளை பொறந்த அன்னிக்குப் பானையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காமப் போன. அதுக்கப்புறம் அவளையே பாக்காமப் போயிட்ட."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியது. அவன் கண் கலங்கியிருந்தது. மெதுவாகக் கேட்டான்.

"தினம் இந்தக் கரை வழியாத்தானக்கா போனீங்க? கையில முட்டைய வச்சுக்கிட்டு, நேத்து மீன் கெடச்சுதான்னு மட்டும் கேட்டீங்க. இது ஒன் பிள்ளைக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அது உண்மை. பதினொரு வருடத்தில் ஒரு தகப்பனிடமும் நான் அவன் பிள்ளையின் எடையைச் சொன்னதில்லை. போய்ச் சொன்னால் சிரிப்பான் என்று நானே முடிவு செய்திருந்தேன். அந்த நிமிடம் எனக்கு வந்த அலுப்பு யார் மேல் என்று தெரியவில்லை. படகின் விளிம்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து முட்டையை அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு ஊட்டத் தெரியவில்லை. படகில் இயந்திரத்தைத் தூக்கி மாட்டுகிற கையால் முட்டைத் துண்டை நீட்டுவான், ரஸ்னி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கையில் எண்ணெய் வாடை, மீன் வாடை. முதல் மூன்று நாள் ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. வெயில் ஏறிவிடும், மற்ற படகுகள் போய்விடும், இவன் மட்டும் படியில் உட்கார்ந்திருப்பான். கரையில் லா பேடு என்று ஒருவன், வாய் சும்மா இருக்காது.

"ஏ ஹசிரு, தாய்ப்பால் எப்படா குடுக்கப்போற? சொல்லு, நாங்களும் பாக்க வரோம்!"

ஹசிரு அடுத்த துண்டை நீட்டுவான். காது மட்டும் சிவக்கும்.

மீனும் கொடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு ரிமா ஒத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைக்கு மீன் கொடுத்தால் வயிற்றில் பூச்சி வரும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. சுற்றிலும் கடல் இருக்க, பிள்ளைகள் சர்க்கரைத் தண்ணீரில் வளர்ந்தது அதனால்தான்.

"தூண்டில்காரன் மகளுக்கு மீன் ஆகாதா?" என்று ஹசிரு கேட்டான். "அவளுக்குப் பூச்சி வந்தா எனக்குள்ள பாம்பே இருக்கணும்."

ரிமா அன்றுதான் சிரித்தாள். முள் எடுப்பதில் அவன் விரலுக்கு ஈடில்லை. கண்ணை மூடிக்கொண்டே எடுப்பான். கசுவாமியோடு மீனைப் பிசைந்து உருட்டி வைப்பான். பிள்ளையோடு பேசவும் வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் அவன் பயந்தே போனான்.

"என்னத்தக்கா பேசுறது அதுகிட்ட?"

"கடல்ல என்ன பாத்தியோ அதச் சொல்லு."

சொன்னான். எந்தப் பாறையில் என்ன மீன், காற்று எப்படித் திரும்பியது, லா பேடு படகிலேயே தூங்கி எப்படிக் குறட்டை விட்டான் என்று. குறட்டையை விட்டும் காட்டினான். ரஸ்னி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். உள்ளே ஓர் உருண்டை போனது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது, கொஞ்சம் ஏறிய எடை மொத்தமும் போனது. ஹசிரு பத்து நாளில் பாதி நாள்தான் கடலுக்குப் போனான். ரிமா எரிந்து விழுந்தாள். ஒருநாள் மூடிக்குக் கீழே மறுபடியும் முட்டை இருந்தது, பழக்க தோஷம். அவன் அதை எடுத்து ரஸ்னியின் கிண்ணத்தில் போட்டான். நானும் பல நாள், போதும் இந்தத் தொண்டு என்று சொல்லிக்கொண்டுதான் படுத்தேன்.

தொண்ணூறாம் நாளை ஒட்டி எடை பார்க்கும் நாள் வந்தது. கொட்டகை முழுக்கப் பெண்கள். ரஸ்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹசிரு ஏறி வந்தான். தலைகளெல்லாம் அவன் பக்கம் திரும்பின. அவனே அவளைத் தூளியில் வைத்தான். அவள் வீறிட்டு அழுதாள், கையை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு அழுதாள். பதினொரு வருடத்தில் ஓர் அழுகை எனக்கு அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

முள் நின்றது. ஏழு கிலோ எழுநூறு.

சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. ஒரு விரல்நகம் கீழே. ஆனால் புள்ளி ஏறியிருந்தது. நர்சம்மா பார்த்துவிட்டு, பாவ்பாவுக்கு இப்போது வேண்டாம், இப்படியே தொடரட்டும் என்றார். ஹசிரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, இப்பலருந்து நான் விடாமக் குடுத்தா... அந்த நாப்பத்து மூணும் ஈடாயிரும்ல? அவ மத்தப் பிள்ளைங்க மாதிரி வந்துருவால்ல?"

பயிற்சியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. எத்தனையோ தாய்மாரிடம் மூஞ்சிக்கு நேரே அதைச் சொல்லி அழவைத்திருக்கிறேன். ரிமாவிடமும் சொல்லியிருக்கிறேன். நீண்ட வாய் எனக்கு. அன்று அது திறக்கவில்லை.

"வந்துருவா தம்பி" என்றேன். "அடுத்த மாசமும் நீயே தூக்கிட்டு வா."

அவன் அதை நம்பினான். மகளை மார்போடு அணைத்துக்கொண்டு கரை வழியாக நடந்தான். படகுகளிலிருந்து லா பேடுவும் மற்றவர்களும் ஏதேதோ கத்தினார்கள், யாரோ விசிலடித்தார்கள். முன்பு அந்தப் பானையைத் தூக்கிப் போன நாளைப் போலவே, இடமும் பார்க்காமல் வலமும் பார்க்காமல் அவன் போய்க்கொண்டிருந்தான்.