ஓடியதைத் திரைக்குச் சொன்னவர்

செல்வராணி சிஸ்டர் கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டில் காலமான செய்தி, காலை ஷிப்டு கைமாறும் நேரத்தில் வந்தது. எங்கள் ஐ.சி.யு. சுவரில் இருக்கும் திரையின் முன் நின்றிருந்தேன். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் திரையும் அவரும் வேறுவேறல்ல.

நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் டேப் என்று நாங்கள் சொல்லும் கைக்கணினியில் பதிந்தால், யாருக்கு எவ்வளவு சுமை என்று அந்தத் திரை காட்டும். நாங்களோ முதலில் வேலை, பதிவெல்லாம் ஷிப்டு முடிவில் என்று இருந்தோம். நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது திரை, சுமை குறைவு என்று பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்த மேனேஜர், “இங்க ஒரு ஆள் ஜாஸ்தி. அடுத்த வாரம் வார்டுக்கு மாத்திடலாம்” என்றார்.

எங்களுக்குக் கோபம். சிஸ்டருக்கு இல்லை. “நாம ஓடுறது அதுக்கு எப்படித் தெரியும்? நாமதான சொல்லணும்” என்றார்.

“பேஷன்டைப் பாக்குறதா, டேப்பைப் பாக்குறதா?” என்று கேட்டேன்.

“நீ பேஷன்டைப் பாரு கவிதா. செஞ்சதும் சத்தமா சொல்லு, நான் போடுறேன்.”

அடுத்து வந்த பௌர்ணமியில், கிரிவலப் பாதையில் மயங்கி விழுந்தவர்களால் கட்டில்கள் நிரம்பின. சிஸ்டர் நடு அறையில் டேப்போடு நின்றார். சளி உறிஞ்சியதை, மருந்து மாற்றியதை, புரட்டிப் படுக்க வைத்ததை அவரவர் கட்டிலருகிலிருந்து குரல் கொடுத்தோம். திரை சிவந்தது. மேனேஜர் மேலே ஏறி வந்தார்.

“என்ன சிஸ்டர், மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்ல சார். இப்பதான் சரியாச்சு.”

அன்று எங்களில் யாரும் போகவில்லை. கூடுதலாக ஒருவர் வந்தார். மாற்றல் பேச்சு அதோடு நின்றது.

கடந்த ஆண்டு அவரே எங்களிடம் நோயாளியாக வந்தார். அவரைத் திருப்பிப் படுக்க வைத்ததை ஒருவர் செய்த வேலையாகப் பதிந்தேன். படுத்தபடியே டேப்பை எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

“ரெண்டு பேர் சேந்துதானடி திருப்புனீங்க? நான் சுமையில்லன்னு காட்ட பாசத்துல கம்மியா போடாத. பக்கத்து பெட்டுக்காரருக்கு ஆள் கெடைக்காது.”

திருத்தினேன். சிறிது நேரத்தில் இன்னொரு நர்ஸ் உள்ளே வந்தாள். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “பாத்தியா? படுத்துகினே ஆள் வரவச்சுட்டேன்.”

தேறி, நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

பொறுத்துக்கொள்வதையே நல்ல நர்ஸின் குணமாக நினைத்திருந்தவள் நான். பட்ட பாட்டை உள்ளபடி சொல்வதும் நோயாளிக்குச் செய்யும் சேவைதான் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அன்று காலை செய்தியைக் கேட்ட பிறகு, டேப்பை எடுத்துக்கொண்டு அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். கட்டில்களின் பக்கம் திரும்பி, “சொல்லுங்க, போடுறேன்” என்றேன்.