இரண்டு மாரிகள்

நார்வேயில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இன்று காலையும் என்னைப் "பெருமாள்!" என்று கூப்பிட்டார்கள். பெருமாள் என் அப்பா. ஊரில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். இறந்து மூன்று வருடமாகிறது. அவர் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு நான் கிழவிகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் மாரி. அதில் என்ன சிக்கல் என்று கேட்காதீர்கள். சிக்கலே இல்லாததுதான் சிக்கல். இங்கே தெருவுக்கு ஒரு மாரி. கூட வேலை செய்யும் ஹங்கேரிக்காரியோ அது தங்கள் ஊர்ப் பெயர் என்கிறாள். எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மா, தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர் என்றால், "அழகான கதை" என்று தலையாட்டுகிறார்கள். அம்மன் பெயரைச் சொல்லித் திட்டக்கூடாதென்று, கோபம் வந்தால் அம்மா என்னைப் "புள்ள" என்றுதான் கூப்பிடுவாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த பெயர்!

போன மாதம் இல்லத்துக்கு இன்னொரு மாரி வந்தார், தொண்ணூறு வயது. குழப்பம் வேண்டாமே என்றார் மேலாளர். "வசதிக்காக வைத்துக்கொண்ட நார்வேப் பெயர்தானே இது? உங்கள் உண்மையான பெயரிலேயே கூப்பிடுகிறோம்." எனக்கு மரியாதை செய்கிறாராம்! இதுதான் உண்மையான பெயர் என்றேன். பாஸ்போர்ட்டில் இருந்த பெருமாளைக் காட்டி, "வெட்கப்பட வேண்டாம்" என்றார். அது அப்பா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று தொண்டை வற்றச் சொல்லியும் பயனில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே புதிய பேட்ஜ் வந்துவிட்டது.

அம்மா அப்பாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. பதுளை ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டு எழுதுகிறவர் புருஷன் பெயர் கேட்டால், என் முதுகில் கிள்ளுவாள், நான் சொல்வேன். அதனால் பேட்ஜ் விஷயத்தை அவளிடம் மறைத்தே வைத்திருந்தேன்.

இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தபடி, "ஏன் புள்ள இப்புடி எளச்சிப் போயிட்ட?" என்று திட்டத் தொடங்கியிருந்தாள். என் பின்னாலிருந்து யாரோ உரக்க, "பெருமாள்!" என்றார்கள். அம்மா சட்டென்று எழுந்தாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் எழுவாளே, அதே மாதிரி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. பிறகுதான் திரையை உற்றுப் பார்த்தாள்.

"யாரக் கூப்புடுறாங்க?"

"என்னையத்தாம்மா. இங்க அந்தப் பேர மாட்டி விட்டுட்டாங்க. மாத்தச் சொல்லி இன்னைக்கே சண்ட போடப் போறேன்."

அம்மா உட்காரவில்லை.

"இன்னொரு தடவ கூப்புடுவாங்களா?"

மறுபடி குரல் வந்தது. நான் போகவில்லை. போனை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன்.