எமரால்டு ஏரிக்கரையில் நான் போட்ட ஒற்றை நட்சத்திரம்

எமரால்டு ஏரிப் பக்கம் செல்வி அக்கா வாடகைக்கு விடும் வீட்டைப் பற்றி இணையத்தில் மட்டமாக எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். அதைப் பார்த்து மூன்று குடும்பங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டன. அந்த வாடகையில்தான் அவர் பிழைக்கிறார்.

சென்னையை ஒட்டிய இரும்புலியூரில் ஏசி விற்கிறேன். கோடை வியாபாரம் ஓய்ந்து ஜூனில்தான் எங்களுக்கு விடுமுறை. நானும் மனைவி உஷாவும் விடியற்காலை நான்கரைக்குக் காரில் கிளம்பினோம். ஊட்டி சேர மாலை நான்கு. அங்கிருந்து ஏரிக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

மின்சாரத்துக்காக மலைகளுக்கு நடுவே நீரை மறித்து உண்டாக்கிய ஏரி. தண்ணீர் இறங்கி, கரையில் செம்மண் படிக்கட்டுபோலத் தெரிந்தது. சத்தமே இல்லை. அரை மணி நேரம் நான் போனை எடுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்குக் காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. விளக்கில்லை, வெந்நீரில்லை.

"இன்னாக்கா இது, கரெண்ட் எடுக்கிற ஊர்லயே கரெண்ட் இல்லையா?" என்றேன் செல்வி அக்காவிடம்.

"எடுத்து உங்க ஊருக்குத்தான் சார் அனுப்பறோம். வந்து சேரலையா?"

உஷா சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. குறை சொல்லி விலையை இறக்குவது எனக்குக் கைவந்த கலை. காலையில் பாதி வாடகைதான் தருவேன் என்று நின்றேன். அக்கா எண்ணி வாங்கிக்கொண்டார். அப்படியும் ஆத்திரம் அடங்காமல், கார் கிளம்புமுன் நட்சத்திரத்தைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து, மாடம்பாக்கத்தில் இருக்கும் தன் தங்கைக்காக இடம் கேட்டு உஷா அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் செய்தாள்.

"எப்ப வேணா வரச் சொல்லுங்கம்மா, வீடு காலியாத்தான் கெடக்கு. சார் எழுதினதப் பாத்துட்டு மூணு பேரு வேணாம்னுட்டாங்க."

உஷா போனை என் கையில் திணித்தாள். "நம்ம கடைக்கு எவனாவது இப்படிப் போட்டா தூங்குவீங்களா?"

"எடுத்துடறேன்கா. மீதிப் பணத்தையும் அனுப்பறேன்" என்றேன்.

"பணத்த அனுப்புங்க சார், வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா எடுத்தா மட்டும் போதாது. கரெண்ட் போனது நெசந்தானே? அதையும் சேத்து எழுதுங்க. தெரிஞ்சு வர்றவங்க வரட்டும்."

அதனால் எழுதுகிறேன். போகிறவர்கள் ஊட்டிப் பக்கம் வண்டி நுழையத் தேவையான இ-பாஸை முன்கூட்டியே வாங்குங்கள். டார்ச், பவர் பேங்க், கெட்டி ஸ்வெட்டர் அவசியம். நானும் அக்காவும் பேசி முடித்தது இது: ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. காற்றடித்தால் கரெண்ட் போகும். போனாலும் ஒரு ரூபாய் குறையாது.