தம்பியின் முழங்கால்

எழுத்தாளரம்மா எந்தத் தொழில்நுட்பத்தைத் தொட்டாலும் இரண்டு புத்தகம் போடுவார். முதலில் கட்டுரை நூல். ஆதாரம் இருப்பது மட்டும் அதில் வரும். பேசியவர்களின் பெயர், வயது எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். அடுத்து நாவல். ஆதாரம் கிடைக்காமல் தொண்டையில் நின்றதெல்லாம் அதில் இறங்கும். பத்திரிகை வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான். கண்காணிப்பு கேமரா, செல்போன் கடன், வாடகை வண்டிச் செயலி என்று வரிசையாக எழுதி, கம்பெனிக்காரர்களின் வாயில் விழுந்து எழுந்தவர்.

கடைசியாக எழுதியது ஆன்லைன் கடைகளின் கிடங்குகளைப் பற்றி. அங்கே வேலை செய்கிறவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். கை கொஞ்சம் ஓய்ந்தாலும் மேனேஜரின் திரையில் சிவப்பு எரியும். தன்னிடம் பேசிய பலரில் இதைச் சொன்ன ஆளைக் கட்டுரை நூலில் நடுவயதுப் பெண்ணாக மாற்றியிருந்தார். யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. கோட்டை விட்டது நாவலில். கதைதானே என்று, ஒருவன் பட்டையைக் கழற்றி முழங்காலில் கட்டிக்கொண்டு, பெட்டி மேல் உட்கார்ந்து காலாட்டியபடியே இளைப்பாறுவதாக எழுதிவிட்டார்.

அந்தக் கிடங்கில் ஓயாமல் காலாட்டுகிற ஆள் ஒருவன்தான். அவருடைய தம்பி.

நாவலைப் படித்த கம்பெனி அவனை விசாரணைக்குக் கூப்பிட்டது. அன்று காலை அக்கா வீட்டுக்கு வந்தவன் கூடத்தின் நடுவில் நின்றான்.

"உட்காருடா."

"எதுக்கு? நான் உட்கார்ற லட்சணத்தையும் எழுதவா?"

"உன் பேர் எங்கயும் வரலயே."

"பேர் எதுக்குக்கா? என் காலையே அச்சடிச்சு வித்துட்டியே! மேனேஜர் மேஜைக்கு அடியில எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான்."

"நான் வந்து, அது என் கற்பனைன்னு சொல்றேன்."

"சொல்லு. இல்லன்னா இன்னையோட எனக்கு வேலை இல்ல. உனக்குத் தம்பியும் இல்ல."

விசாரணை அறையில் மேனேஜர் இரண்டு புத்தகத்தையும் அடுக்கி வைத்திருந்தார். நாவலைத் தட்டி, "இந்த முழங்கால் விஷயம்?" என்றார்.

"என் கற்பனை."

மேனேஜர் காத்திருந்தது அதற்குத்தான். அடியிலிருந்த கட்டுரை நூலை உருவி மேலே வைத்தார். "அப்போ இதுவும் கற்பனைதானே மேடம்?"

இல்லை என்றால், யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். பதில் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது, தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஆமா," என்றார்.

தம்பியின் வேலை தப்பித்தது. வெளியே வந்ததும் பாய்ந்தான்.

"உள்ள அத்தனை பேரும் உன்னை நம்பித்தானே வாயைத் திறந்தாங்க? எல்லாரையும் பொய்யாக்கிட்டியே!"

"உனக்காகத்தானடா."

"நான் முழங்காலை மட்டும்தானே இல்லன்னு சொல்லச் சொன்னேன்?"

"யார் சொன்னதுன்னு கேட்டிருப்பான்டா."

"சொல்ல மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

எத்தனை அதிகாரிகள் அந்தப் பதிலை அவர் முகத்திலேயே எறிந்திருப்பார்கள்! அவர் வாயில் அது வரவில்லை.

கட்டுரை நூலும் கற்பனைதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகச் சாயந்தரத்துக்குள் கம்பெனி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. பதிப்பாளர் கட்டுரை நூலைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கச் சொன்னார். எழுத்தாளரம்மா தம்பிக்குப் போன் போட்டார்.

"வேலையில இருக்கேன்," என்று வைத்துவிட்டான்.