காற்றை மறந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டை விலைக்குப் பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வர வேண்டும் என்பது மாமாவின் சட்டம். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

காரணம், காற்று. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே எங்கள் தெரு. கிழக்கே கடல், மேற்கே மணலியின் எண்ணெய் ஆலைகள். காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். வரும்போது வெறுங்கையோடு வராது. சில நாள் கேஸ் சிலிண்டரைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை, சில நாள் அழுகிய முட்டை, இன்னும் சில நாள் என்னவென்றே சொல்ல முடியாமல் தொண்டையில் மட்டும் காறும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பி வந்து அத்தனையையும் வந்த வழியே தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் எங்கள் தெருவைப் போல ஒரு தெரு சென்னையிலேயே கிடையாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. மணலியில் வீடு விற்கிறவர்கள் ஆட்களைக் காலையில் வரச் சொல்வார்கள் என்று மாமா சொல்லுவார். உண்மையோ பொய்யோ, கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருந்தார். மீன் விற்கிறவருக்கு வீடு விற்பது பெரிய காரியமா என்பது அவர் எண்ணம். "தொட்டிக்குள்ள லைட்டப் போட்டுட்டா எந்த மீனும் அயகுதான்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் இருந்த அழுக்கு பல்பைக் கழற்றிப் புதுசு மாட்டினார். சிமெண்டுத் தரையை இரண்டு தடவை கழுவச் சொன்னார். மேற்குப் பக்க ஜன்னலில் காலண்டரை மாட்டி மறைத்தார்.

விற்க வேண்டி வந்தது என் தம்பியால். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. விடிந்தால் போதும், அவன் நெஞ்சுக்குள் யாரோ விசிலடிக்க ஆரம்பிப்பார்கள். நீல இன்ஹேலரை ஒரு பிளாஸ்டிக் குழலின் முனையில் செருகி, மறுமுனையை அவன் மூக்கும் வாயும் மூடும்படி வைத்து அழுத்த வேண்டும். பத்து மூச்சு எண்ணுவது என் வேலை. வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, மருந்து இருக்கட்டும், முடிந்தால் இடத்தை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா பாடுபட்டுக் கட்டிய இரண்டு அறை வீடு அது. அதை விற்றால்தான் மாமா வீட்டுப் பக்கம் ஒரு சின்ன ஃப்ளாட்டாவது வாங்க முடியும். விற்காவிட்டால் தம்பி அந்தக் காற்றைத்தான் குடிக்க வேண்டும். வீட்டில் யாரும் அதைத் திரும்பத் திரும்பப் பேசவில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெருவுக்கும் தெரிந்திருந்தது. வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் எதிர் வீட்டு அத்தை எங்கள் வாசலுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவாள். தண்ணீர் லாரிக்குச் சண்டை போடும் பெண்கள் அன்றைக்கு ஒருவரையொருவர் "நீங்க புடிங்கக்கா" என்று உபசரித்துக்கொள்வார்கள். இருமிக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று தம்பியை எதிர் வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிடுவோம். வாடையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார். தெருவே சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

எனக்கும் ஒரு வசனம் உண்டு. மாமா என்னை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

"த பாரு கண்ணு, காத்து நல்லாக் கீதேன்னு யாருனா சொன்னா நீ இன்னா சொல்லணும்?"

"எப்பவுமே இப்டித்தான் மாமா."

"சிரிச்சிக்கினு சொல்லு. பரிச்ச எய்தற மாதிரி மூஞ்ச வச்சிக்காத."

முதலில் வந்தவர் வாசல் தெற்கு பார்த்திருக்கிறது என்று போய்விட்டார். அடுத்து வந்தவர் கார் நிறுத்த இடமில்லை என்றார். அவர் வந்ததோ ஷேர் ஆட்டோவில். மூன்றாவதாக வந்தவர்கள்தான் மளிகைக்கடைக்காரரும் அவர் மனைவியும். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ராயபுரத்தில் கடை, கடைக்குப் பின்னாலேயே அரிசி மூட்டைகளோடு குடித்தனம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் வந்த சனிக்கிழமை சாயங்காலம் கடல் காற்று எங்கள் சொந்தக்காரன் மாதிரி வேலை பார்த்தது. கொடியில் கிடந்த துண்டு பறந்துபோய் மளிகைக்கடைக்காரர் தோளிலேயே விழுந்தது.

"நல்லா காத்து வருதே" என்றார் அவர்.

"எப்பவுமே இப்டித்தான் மாமா" என்றேன், சிரித்துக்கொண்டு. என் மாமா எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார்.

அம்மா மசால் வடை போட்டிருந்தாள். மளிகைக்கடைக்காரர் நான்கு சாப்பிட்டார். மனைவி சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மேடையைக் கையால் தடவினாள். பாப்பாவைக் கட்டிலில் படுக்க வைக்கிற மாதிரி இடம் அளந்து பார்த்தாள். அவளுக்கு வீடு பிடித்துப்போனது அந்தக் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் திங்கட்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம் என்று பேச்சு முடிந்தது. மாமா வெற்றிக் களிப்போடு மளிகைக்கடைக்காரரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டுவது என் பொறுப்பு. அவள் தண்ணீர் கேட்டாள். பாட்டிலுக்காக அவர்கள் கொண்டுவந்த பையைத் திறந்தேன். பாட்டிலுக்கு அடியில் எங்கள் வீட்டில் இருக்கிற அதே நீல இன்ஹேலர், அதே குழல். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரே மாதிரி பென்சில் பெட்டி வைத்திருக்கும் சிநேகிதி கிடைத்த மாதிரி இருந்தது. ஓடிப்போய் காபி கலந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன்.

"எந்தக் கலரு?" என்று கேட்டாள் அம்மா.

"நீலம்தாம்மா. தம்பியுது மாதிரியே."

 அம்மா சர்க்கரை போட்ட டம்ளர்களிலேயே மறுபடியும் சர்க்கரை போட்டாள். காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள், அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"திங்கக்கெயம அட்வான்ஸு குடுக்கறதுக்கு மின்ன ஒரு தபா எங்க வூட்ல சாப்புடணும். அதுக்கு மொத நாளு ஞாயித்துக்கெயம காலீல ஏயு மணிக்கெல்லாம் வந்துடுங்க. இட்லியும் வடகறியும் பண்றேன். பாப்பாவையும் கண்டிப்பா தூக்கினு வாங்க."

"எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்?" என்றாள் அவள்.

"சிரமம் இன்னா கீது? வந்து பாருங்க."

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கவனிக்கவில்லை. அவர்கள் போனதும், "காலைலம்மா" என்று ஞாபகப்படுத்தினேன். "இட்லிய காலைலதானடி துன்னுவாங்க" என்றாள். மாமாவிடம் சொல்லாதே, வீண் செலவு என்று கத்துவார் என்றும் சொன்னாள். மாமா கத்துவார் என்பது நம்பக்கூடிய விஷயம்தான். நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததே சரியில்லை. வடகறி மசாலா கொதிக்கிற வாசனையையும் மீறிக்கொண்டு மேற்கிலிருந்து வந்தது வாடை. அம்மா ஜன்னலில் இருந்த காலண்டரைக் கழற்றி, எண்ணெய்க் கை படாமல் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். தம்பியை எதிர் வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. அம்மாவுக்கு இன்றைக்கு எல்லாமே மறந்துபோய்விட்டது என்று நான் பதறினேன்.

மளிகைக்கடைக்காரரின் பைக் தெருமுனையில் திரும்பியதை முதலில் பார்த்தது எதிர் வீட்டு அத்தை. "அய்யய்யோ, காலீலயே வந்துட்டாங்கடி" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு விழித்துக்கொண்டது. அவள் உள்ளே ஓடித் தணலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்தாள். பக்கத்து வீட்டிலும் போட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் சாம்பிராணி இல்லாததால் ஊதுபத்திக் கட்டை அப்படியே கொளுத்தினார்கள். ஐந்து நிமிஷத்தில் தெருவே புகைந்தது. பாவம், எங்களுக்காகத்தான் செய்தார்கள். புகையும் வாடையும் கூட்டுச் சேர்ந்து, தனியாக இருந்ததைவிட மோசமாகிவிட்டது. கண்ணைத் தேய்த்துக்கொண்டே அவர்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள்.

அம்மா கூடத்தில் வாழை இலை போட்டாள். மளிகைக்கடைக்காரருக்குப் பக்கத்தில் அப்பா, அந்த அம்மாளுக்கு எதிரே தம்பி. அவனுக்கு அன்றைக்கு நெஞ்சு நன்றாகவே விசிலடித்தது. ஒரு வாய் இட்லிக்கு இரண்டு மூச்சு வாங்கினான். பாப்பா இருமத் தொடங்கினாள். முதலில் செல்லமாக இருமினாள், பிறகு நிற்காமல் இருமினாள். அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பையைத் தேடினாள். அதற்குள் என் அம்மா எங்கள் குழலைக் கொண்டுவந்து, முதலில் தம்பிக்கு வைத்தாள். அந்த அம்மாள் தன் குழலைக் கையில் பிடித்தபடி என் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன வாடை?" என்று கேட்டார் மளிகைக்கடைக்காரர்.

 அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்.

"எப்பவுமே இப்டித்தான் மாமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அப்பா குனிந்த தலை நிமிராமல், "அவருக்கு இன்னும் ரெண்டு இட்லி வை" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர்கள் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் நின்று என் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, புகை என்று நினைத்தேன். "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீடு வேண்டாமென்று போகிறவளுக்குக் கையைப் பிடிப்பது ஒரு கேடா என்று இருந்தது எனக்கு.

மளிகைக்கடைக்காரர் போனில் சொல்லித்தான் மாமாவுக்கு விஷயமே தெரிந்தது. கொளத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கத்தினார்.

"இன்னா காரியம் பண்ணி வச்சிக் கீற நீ? போயும் போயும் காலீல கூப்புட்டு கீற! மண்டைல மூளை கீதா இல்லியா?"

"காத்து மறந்துபோச்சுண்ணே" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. அதற்கப்புறம் வந்தவர்களும் ஏனோ பிடி கொடுக்கவில்லை. தெருவில் இருந்தவர்களுக்கும் அலுத்துப்போனது. மழைக்காலம் முடிந்ததும் மாமா ஒருநாள் வந்தார். கோபம் போகவில்லை, முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தார். ஆனால் தம்பியின் துணிகளை அவரே மடித்துப் பையில் வைத்தார். வீடு விற்கிற வரைக்கும் பையன் என்னிடம் இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன் என்றார். வீடு விற்கவே இல்லை. தம்பி பத்தாவது முடிக்கும் வரை கொளத்தூரில் மாமா வீட்டு மீன் தொட்டிகளுக்கு நடுவேதான் வளர்ந்தான். நெஞ்சு தெளிந்துவிட்டது. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கு நிறைய எதையாவது சமைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போய், பார்த்துவிட்டு வருவாள். அவன் மெல்ல மெல்ல அம்மாவை விருந்தாளி மாதிரி "வாங்க" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான்.

அதெல்லாம் பிறகு நடந்தது. நான் மறக்காமல் வைத்திருப்பது, தம்பியை மாமா ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பிய அந்தச் சாயங்காலத்தைத்தான். கடல் காற்று பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தது. அவன் திரும்பித் திரும்பிக் கையசைத்தான். ஸ்கூட்டர் மறைந்த பிறகும் அம்மா தெருமுனையில் நின்றுகொண்டே இருந்தாள். அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. யார் மேலாவது பழி போட்டால் தேவலை போல இருந்தது.

"நீ மட்டும் மறக்காம இருந்திருந்தா தம்பி போயிருக்க மாட்டான் இல்லம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம் எத்தனையோ கல்யாண வீடுகளில், காதுகுத்துகளில் மாமா இந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். அவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். அம்மாவும் கூடவே சிரிப்பாள். பையில் என்ன இருந்தது என்று ஓடிப்போய்ச் சொன்னவள் நானே. அவள் காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டதைப் பார்த்தவளும் நானே. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் மூச்சுவிட்டவளுக்குக் காற்று எப்படி மறந்துபோகும் என்று எனக்கு மட்டும் கேட்கத் தோன்றவே இல்லை.