கந்தப்பன் கை வைத்த ஒயர்

கணபதி என்ற ஊரில் மோட்டார் காயில் கட்டும் கந்தப்பனுக்கு ஊரில் ஒருத்தனையும் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து, மனிதர்களைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூன்று பேஸ் கரண்டில் ஓட வேண்டியதை இரண்டு பேஸில் ஓட்டி எரித்துவிட்டு, "தானா நின்னுபோச்சுங்க" என்று கூசாமல் சொல்வார்கள்.

"தானா நின்னுதுங்களா? பாவமுங்க, அதுக்கும் தூக்கம் வந்திருக்குமுங்க" என்பார் கந்தப்பன். திட்டும்போதும் அவர் வாயில் 'ங்க' குறையாது. மரியாதை கூடக் கூட எதிரே நிற்பவனை எவ்வளவு மட்டமாக நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த மரியாதை உச்சத்துக்குப் போனது தொண்ணூற்றொன்பதில், பக்கத்துக் கடைக்கு மனோஜ்குமார் வந்த பிறகுதான். இன்டர்நெட் சென்டர் வைக்கப் போகிறானாம். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் நாற்றம் கம்ப்யூட்டருக்கு ஆகாது, கந்தப்பன் கடையையும் தனக்கே விட்டால் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிவிடலாம் என்று கட்டடத்துக்காரி மயிலாத்தாளிடம் போய் ஓதினான். டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்று ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது, அதைக் கம்ப்யூட்டர் வழியாக இன்டர்நெட்டில் சேர்த்துவிட்டால் இங்கே உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்காரனோடு விளையாடலாம், காலேஜ் பையன்கள் வரிசை கட்டுவார்கள் என்றான்.

மயிலாத்தாள் கெட்டிக்காரி. "தொறக்கற அன்னைக்கு அந்தப் பொட்டி ஓடட்டும் கண்ணு. ஓடுச்சுன்னா கந்தப்பன் கடை உனக்கு. ஓடலீன்னா அவரு பாட்டுக்கு இருந்துட்டுப் போறாரு" என்று கந்தப்பன் காதுபடவே சொல்லிவிட்டாள்.

அதனால் திறப்பு விழாவுக்குக் கந்தப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பெட்டி ஓடாமல் நிற்பதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

பெட்டி ஓடவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு மோடம். ஒன்று டெலிபோன் லைனில் இருந்தது. இன்னொன்றிலிருந்து ஓர் ஒயர் நேராக விளையாட்டுப் பெட்டிக்குப் போனது. பெட்டி கூப்பிட வேண்டும், கம்ப்யூட்டர் எடுத்துப் பேச வேண்டும். டிவியிலோ லைன் இல்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. மனோஜ்குமார் வியர்க்க வியர்க்கக் கீபோர்டைத் தட்டினான். வந்தவர்கள் லட்டைத் தின்றுவிட்டுக் கையை எங்கே துடைப்பது என்று தேடினார்கள்.

கந்தப்பனுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. காரமடையில் ஒரு தோட்டத்துக்காரருக்கு, வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே இரண்டு பழைய போன்களைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். இவன் கட்டியிருப்பது வெறும் ஒயர். செத்த ஒயரில் பெட்டி யாரைக் கூப்பிடும்? இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கடை தப்பிவிடும். கந்தப்பன் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.

மனோஜ்குமார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு குறையும் இல்லாத அந்தப் பெட்டியைக் கழற்றப் போனான்.

அதைத்தான் கந்தப்பனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து தன் கடைக்குப் போய், கரண்ட் பார்க்கும் கை மீட்டரிலிருந்து ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மேசைக்கு அடியில் குந்தி, ஒயரில் ஒரு இழையை வெட்டி நடுவில் பேட்டரியைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார்.

"ஓரமா உக்காருங்கண்ணா, ஒயரு தட்டிரும்" என்றான் மனோஜ்குமார், திரும்பியும் பார்க்காமல்.

"பொட்டியக் கழட்டாதீங்க சாமி. இன்னொருக்கா கூப்பிட்டுப் பாருங்க" என்றார் கந்தப்பன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவன் இரண்டு பட்டன்களைத் தட்டினான். மோடம் கீச்சென்று கத்தியது. டிவியில் வண்ண வண்ணமாக ஒரு பக்கம் விரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"செட்டிங்ஸ்ல ஒரு சின்னத் தப்புங்க. மாத்திப்போட்டேன்" என்று மனோஜ்குமார் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தான்.

மயிலாத்தாள் கந்தப்பன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, தை பொறந்ததும் கடையக் காலி பண்ணிக் குடுத்துருங்க."

"ஆகட்டுமுங்க" என்றார் கந்தப்பன். பிறகு மனோஜ்குமாரிடம், "பேட்டரி தீந்துபோனா பொட்டி மறுபடியும் நின்னுக்குமுங்க. அப்பப்ப மாத்திப்போடுங்க" என்றார்.

மனோஜ்குமார் லட்டை மென்றபடியே கேட்டான். "எந்த பேட்டரிங்கண்ணா?"

கந்தப்பனுக்குக் காது மடல் சுட்டது. கடை போனதைக்கூடத் தாங்கிக்கொள்வார். போயும் போயும் இவனிடமா என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.